ஒத்த ஆளா எடிட்டிங்கும் புத்தகமும் பண்றவங்களுக்கு லிப்ரேஆபிஸ் ரைட்டர்: 6 வருஷம் ஓட்டிப் பாத்துட்டு எழுதுறேன்

போன மாசம் ஒரு நாவல் எடிட்டிங்குக்கு வந்துச்சு. கதை முழுக்க மௌனம் மௌனம்னு வருது, அத்தியாயத்துக்கு குறைஞ்சது நாலு இடம். இந்த வார்த்தை ரொம்ப ஜாஸ்தியா இருக்கே, எத்தனை தடவைன்னு எண்ணி எழுத்தாளர்கிட்ட சொல்லலாம்னு சர்ச் போட்டேன், மொத்த நாவலுக்கும் 11 தான் காட்டுது. முதல் அத்தியாயத்துலயே என் கண்ணால 6 பாத்தாச்சு, அப்ப மிச்சம் எங்க போச்சு? கர்சரை ஒவ்வொரு எழுத்தா நகத்திப் பாத்தப்பதான் புரிஞ்சுது. சில இடத்துல ம-வுக்கு ஔகாரக் குறியையே போட்டு சரியா அடிச்சிருக்காரு, மத்த இடமெல்லாம் ஒற்றைக்கொம்பு போட்ட மெ, அதுக்குப் பக்கத்துல தனியா ஒரு ள. ஸ்கிரீன்ல ரெண்டும் அச்சு அசலா ஒண்ணு மாதிரி இருக்கும், கம்ப்யூட்டருக்கு ரெண்டும் வேற வேற வார்த்தை. தப்பா அடிச்ச ரூபத்தை தேடினா 74 இடம்!

இதை அப்படியே அச்சுக்கு விட்டா காகிதத்துல யாருக்கும் தெரியாது. ஆனா அதே ஃபைல்ல இருந்து இ-புக் போட்டா படிக்கிறவங்க தேடும்போது கிடைக்காது, வாய்விட்டு படிக்கிற ஆப்ல உச்சரிப்பு கோணலா வரும். சரி, கொம்பும் ள-வும் சேந்து வர்ற எடத்தையெல்லாம் ஒரே தட்டுல மாத்திரலாம்னு மட்டும் யாரும் இறங்கிடாதீங்க. வெள்ளம், வெளிச்சம், தெளிவு, துள்ளிக்கிட்டு வர்ற கெளுத்தி மீனு, எல்லாத்துலயும் கொம்பும் ள-வும் நியாயமாவே இருக்கு, அத்தனையும் உடைஞ்சு போகும். மௌன, கௌரவ, பௌர்ணமின்னு வார்த்தை வார்த்தையா தேடி மாத்தணும். இதை நான் செஞ்சது லிப்ரேஆபிஸ் ரைட்டர்ல, அரை மணி நேரம் கூட ஆகலை, மாத்தின ஒவ்வொண்ணும் எழுத்தாளர் பாக்கற மாதிரி பதிவாயிருந்துச்சு. இந்த ரிவியூவும் அந்த சாஃப்ட்வேரைப் பத்திதான்.

தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன். முன்னாடி ஓபன்ஆபிஸ்னு ஒரு இலவச ஆபிஸ் சாஃப்ட்வேர் இருந்துச்சு, 2010-ல அதுல வேலை பாத்த நிறைய பேர் பிரிஞ்சு வந்து தி டாக்குமென்ட் ஃபவுண்டேஷன்னு ஒரு அமைப்பா நின்னு ஆரம்பிச்சதுதான் லிப்ரேஆபிஸ். அதுக்குள்ள வேர்ட் மாதிரி எழுத்து வேலைக்கு இருக்கறதுதான் ரைட்டர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடும். காசு கிடையாது, வருஷா வருஷம் புதுப்பிக்கிற சந்தா தொல்லையும் கிடையாது, தொழிலுக்கு பயன்படுத்தவும் தடை இல்ல. வேலை வர்ற மாசமும் வராத மாசமும் மாறி மாறி வர்ற நம்ம மாதிரி ஆளுங்களுக்கு மாசா மாசம் கட்டவேண்டிய ஒரு தொகை இல்லைங்கறதே பெரிய நிம்மதி. ஆனா இலவசம்ங்கறதுக்காக மட்டும் நான் இதுல 6 வருஷம் இருக்கல.

எடிட்டிங் தொழிலோட உயிர் எதுல இருக்குன்னு கேட்டா, பிழையை கண்டுபிடிக்கிறதுல மட்டும் இல்லைன்னுதான் சொல்லுவேன். என்ன மாத்தினோம், எங்க மாத்தினோம், ஏன் மாத்தினோம்ங்கறது எழுதினவருக்கு தெரியணும், வேண்டாம்னா ஒரே கிளிக்ல பழைய வரி திரும்பி வரணும். ட்ராக் சேஞ்சஸ்னு சொல்றோமே, அந்த வசதி ரைட்டர்ல எடிட் மெனுவுல இருக்கு, கண்ட்ரோல் ஷிஃப்ட் சி அடிச்சா பதிவு ஆரம்பிச்சிரும். நாம சேத்தது ஒரு கலர்ல, அழிச்சது நடுவுல கோடு போட்டு, ஓரத்துல ஒரு கோடு. மேனேஜ்னு ஒரு ஜன்னல் இருக்கு, அதை திறந்தா யாரு, எப்ப, என்ன மாத்தினாங்கன்னு வரிசையா ஒரு பட்டியலே வரும், ஏத்துக்கறதும் தள்ளுறதும் அங்கயே. செட்டிங்ஸ்ல யூசர் டேட்டாங்கற எடத்துல உங்க பேரை போட்டு வெச்சாதான் மாத்தம் உங்க பேர்ல பதிவாகும், இதை ஆரம்பத்துல விட்டுட்டா அப்புறம் யார் மாத்தினதுன்னு தெரியாம குழம்பும்.

நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு அம்மாவோட சிறுகதைத் தொகுப்பு எடிட் பண்ணேன். பேச்சு வழக்குல "வந்துச்சு", "போயிருக்குமாட்டம்"னு இருந்ததையெல்லாம் உரையாடல்லயும் சேத்து "வந்தது", "போயிருக்கும் போல"ன்னு மாத்தி வெச்சேன். அவங்க ஃபைலை திருப்பி அனுப்பினாங்க, 40 இடத்துல என் மாத்தத்தை தள்ளிட்டு ஒரே ஒரு கமென்ட் போட்டிருந்தாங்க: "தம்பி, இது எங்க பாட்டி பேசின பேச்சு, இதை மட்டும் தொடாதீங்க." அன்னைக்கு அந்த மாத்தமெல்லாம் பதிவாகாம சும்மா அடிச்சு மாத்தியிருந்தேன்னா அந்த பாட்டியோட குரல் சத்தமில்லாம காணாம போயிருக்கும், அந்த அம்மாவுக்கே எந்த வரியில எது போச்சுன்னு தெரிஞ்சிருக்காது. அதுக்கப்புறம் உரையாடல்ல எதை தொட்டாலும் மாத்தாம கமென்ட்டா மட்டும் கேக்கறேன். கண்ட்ரோல் ஆல்ட் சி, கேள்வியை எழுதிட்டு போயிட்டே இருக்கலாம், அவங்க அதுக்கு கீழயே பதில் எழுதுவாங்க, முடிஞ்சதும் ரிசால்வ்டுன்னு குறிச்சிரலாம்.

இன்னொரு தடவை நடந்தது. ரெண்டு அத்தியாயம் முழுசா எடிட் பண்ணி முடிச்சிட்டு பாக்கறேன், பதிவையே ஆன் பண்ணல. வயித்தை கலக்கிருச்சு. 40 பக்கத்துக்கு மேல, எங்க எதை மாத்தினேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அப்ப காப்பாத்தினது கம்பேர் டாக்குமென்ட். மாத்தின ஃபைலை திறந்து வெச்சுக்கிட்டு எழுத்தாளர் அனுப்பின மூல ஃபைலை காட்டினா, ரெண்டுக்கும் இருக்கற வித்தியாசம் எல்லாத்தையும் ட்ராக் சேஞ்சஸ் மாதிரியே கலர்ல எடுத்து காட்டிருச்சு. இதுக்கு ஒரே நிபந்தனை, மூல ஃபைல் கை படாம இருக்கணும். அதனால ஃபைல் வந்த உடனே ஒரு காப்பி எடுத்து "மூலம்"னு பேர் வெச்சு தனி ஃபோல்டர்ல போட்டிடறேன், அதை திறக்கறதே இல்ல. பதிவை யாரும் தெரியாம ஆஃப் பண்ணாம இருக்க ப்ரொடெக்ட்னு கொடுத்து பாஸ்வேர்ட் போட்டு பூட்டவும் செய்யலாம், இப்ப நான் எல்லா வேலையிலயும் முதல்ல அதைத்தான் பண்றேன்.

"நீங்க ஒண்ணுமே பெருசா மாத்தலையே, இதுக்கு இவ்ளோ கேக்கறீங்களே"ன்னு ஒரு கிளையன்ட் கேட்டிருக்காரு. நல்ல எடிட்டிங் அப்படித்தான், முடிஞ்சப்புறம் படிச்சா எப்பவுமே இப்படித்தான் எழுதியிருந்த மாதிரி தோணும். நான் ஒண்ணும் வாதாடல, மேனேஜ் ஜன்னலை திறந்து பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். உருட்டி உருட்டி பாத்தாலும் முடியாத பட்டியல். மறுநாள் பாக்கி பணம் வந்துருச்சு.

அடுத்து தேடறதும் மாத்தறதும். இதுல ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கு, ஒரே வார்த்தையா இல்லாம ஒரு அமைப்பையே குடுத்து தேடற வசதி, தமிழ் எடிட்டருங்க நிறைய பேர் அந்தப் பக்கம் போறதே இல்ல, போகணும். ஒற்று மிகற இடத்தை எடுத்துக்கோங்க. அந்த, இந்த, எந்தவுக்கு அப்புறம் க ச த ப வந்தா வல்லினம் மிகும்னு நமக்கு தெரியும், 300 பக்கத்துல கண்ணு அசந்து போகும். டிக்கை போட்டுட்டு "அந்த [கசதப]"ன்னு தேடினா, அடைப்புக்குள்ள இருக்கற நாலுல எது வந்தாலும் சரி, அந்த-வுக்கு அப்புறம் ஒற்று விட்டுப்போன எல்லா இடமும் மாட்டும். ஃபைண்ட் ஆல் கொடுத்தா மொத்தமும் ஒரே நேரத்துல செலக்ட் ஆகி நிக்கும், அதைப் பாக்கறதே ஒரு சந்தோஷம். மாத்தும்போது மட்டும் ஒவ்வொரு எழுத்துக்கும் தனித்தனியா போகணும், க-வுக்கு அந்தக், ச-வுக்கு அந்தச்னு. ஒவ்வொண்ணா பாத்து ரீப்ளேஸ் குடுங்க, ரீப்ளேஸ் ஆல் வேண்டாம், ஏன்னா உரையாடலுக்குள்ள ஒற்று போட்டா பேச்சு விறைச்சுக்கும், அங்க விட்டிரணும். ரெட்டை ஸ்பேஸ், கமாவுக்கு முன்னாடி இருக்கற ஸ்பேஸ், வெறும் பத்திகள், இதெல்லாம் பத்து நிமிஷ வேலை.

தமிழுக்குன்னு ஒரு பெரிய முடிச்சு இருக்கு, புதுசா வர்றவங்க பாதி பேர் இங்கதான் வெறுத்துப் போயிடறாங்க. லிப்ரேஆபிஸ் தமிழை காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்ங்கற வகையில வெச்சிருக்கு, சிடிஎல்னு சுருக்கமா போட்டிருக்கும். ஸ்டைல்னா ஃபான்ட், சைஸ், இடைவெளி எல்லாத்தையும் சேத்து ஒரு பேர்ல வெச்சிருக்கற அமைப்பு. ஒவ்வொரு ஸ்டைலுக்கும் ரெண்டு ஃபான்ட், ரெண்டு சைஸ், ஆங்கில எழுத்துக்கு ஒண்ணு, சிடிஎல்லுக்கு ஒண்ணு. ஸ்டைல்ல போய் 11 பாயிண்ட்னு மாத்தறீங்க, தமிழ் எழுத்து அப்படியே பழைய சைஸ்ல நிக்குது, ஏன்னா நீங்க மாத்தினது ஆங்கிலத்தோட சைஸை. லாங்குவேஜ் செட்டிங்ஸ்ல போய் சிடிஎல்லை ஆன் பண்ணி தமிழ்னு தேர்ந்தெடுத்துட்டு ஸ்டைல்ல ரெண்டு பெட்டியிலயும் சைஸ் போட்டா தீந்துச்சு. தெரிஞ்சா ரெண்டு நிமிஷம், தெரியாட்டி ரெண்டு நாள்.

ஸ்பெல் செக் பத்தி எதிர்பார்ப்பு வெச்சுக்காதீங்க. வீடு, வீட்டை, வீட்டுக்குள்ளேயிருந்துதானேன்னு நம்ம வார்த்தை ஒட்டிக்கிட்டே நீளும், எந்த அகராதிக்கும் அத்தனையும் தெரியாது, பக்கம் முழுக்க சிவப்புக் கோடா வரும். நான் ஷிஃப்ட் எஃப் 7 அடிச்சு அதை அணைச்சிட்டு கண்ணையும் தேடற வசதியையும் நம்பறேன். இதே காரணத்தால வார்த்தைக் கணக்குல ரேட் பேசறதுலயும் கவனமா இருக்கணும். ஆங்கிலத்துல அஞ்சாறு வார்த்தையில சொல்றது தமிழ்ல ரெண்டு வார்த்தையில அடங்கிரும், ஆங்கிலத்துக்கு பேசற வார்த்தை ரேட்டை தமிழுக்கு அப்படியே வெச்சா உழைப்புக்கு பாதி கூட தேறாது. நான் அஞ்சு பக்கம் சாம்பிள் எடிட் பண்ணி எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பாத்து, அதை வெச்சு மொத்தத்துக்கு ஒரு தொகை சொல்லிடறேன். லிப்ரேஆபிஸ் கூடவே வர்ற கால்க்ல, அதாவது எக்செல் மாதிரி கணக்குத் தாள்ல, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி, சாம்பிளுக்கு ஆன நேரம், நான் சொன்ன நேரம், நிஜமா ஆன நேரம், அட்வான்ஸ், பாக்கி, எத்தனை ரவுண்டு திருத்தம்னு குறிச்சு வெக்கறேன். முதல் வருஷம் பாத்தா எல்லா வேலையிலயும் நிஜமா ஆன நேரம்தான் கூட, அப்புறம்தான் ரெண்டு ரவுண்டுக்கு மேல தனியா காசுன்னு எழுத்துல போட ஆரம்பிச்சேன்.

இப்ப புத்தகமா போடறது. நிறைய பேர் ரைட்டர்ல லேஅவுட் பண்ண முடியாதுன்னு நினைக்கறாங்க. கதை, கட்டுரை, கவிதைன்னு எழுத்து மட்டும் ஓடற புத்தகத்துக்கு தாராளமா முடியும், ஆனா ஸ்டைல் போட்டுத்தான் வேலை செய்யணும், எஃப் 11 அடிச்சா ஸ்டைல் பட்டியல் பக்கத்துல வரும். அத்தியாயத் தலைப்பு, முதல் பத்தி, மத்த பத்தி, இடது பக்கம், வலது பக்கம், எல்லாம் ஸ்டைல். ஒரு இடத்துல மாத்தினா 300 பக்கமும் மாறும், பொருளடக்கம் தானா உருவாகும். எஃப் 5 அடிச்சா நேவிகேட்டர், அதுல அத்தியாயத்தை அப்படியே இழுத்து மேல கீழ நகத்தலாம், சிறுகதைத் தொகுப்புல வரிசை மாத்தும்போது இதோட அருமை தெரியும்.

ரைட்டர்ல எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு சின்ன வசதி, பேஜ் லைன் ஸ்பேசிங். இதை ஆன் பண்ணா ஒரு தாளோட முன்பக்க வரியும் பின்பக்க வரியும் ஒரே உயரத்துல உக்காரும். நல்லா அச்சடிச்ச ஒரு புத்தகத்துல ஒரு தாளை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு பாருங்க, பின்பக்க வரி முன்பக்க வரிக்கு நேர் பின்னாடி ஒளிஞ்சிருக்கும், வரிக்கு நடுவுல இருக்கற வெள்ளை சுத்தமா இருக்கும். அது இல்லாத புத்தகத்துல பின்பக்க எழுத்து வரிக்கு நடுவுல நிழல் மாதிரி தெரிஞ்சு கண்ணை உறுத்தும். வரி உயரத்தை ஃபிக்ஸ்டுன்னு கொடுத்து ரொம்ப இறுக்கினா கூ, ழு மாதிரி எழுத்தோட வால் வெட்டுப்படும், நான் 11 பாயிண்ட் எழுத்துக்கு 16 பாயிண்ட் குடுக்கறேன்.

வரி கடைசி இன்னொரு தலைவலி. ரெண்டு பக்கமும் நேரா நிறுத்தினா நம்ம நீள வார்த்தை அடுத்த வரிக்கு தாவி முந்தின வரியில பெரிய ஓட்டை விழும். தமிழ்ப் புத்தகத்துல வழக்கமா கோடு போடாம வார்த்தையை உடைச்சு அடுத்த வரிக்கு கொண்டு போவோம் இல்லையா, அதுக்கு இன்சர்ட் மெனுவுல ஃபார்மேட்டிங் மார்க்ல நோ-விட்த் ஆப்ஷனல் பிரேக்னு ஒண்ணு இருக்கு, உடைய வேண்டிய இடத்துல அதை வெச்சா கண்ணுக்கு தெரியாம உடையும். ஆனா அது வார்த்தைக்குள்ள ஒளிஞ்சிருக்கற எழுத்து, அப்புறம் சர்ச் போட்டா அந்த வார்த்தை மாட்டாது. அதனால எல்லா திருத்தமும் முடிஞ்சு அச்சுக்கு போற காப்பியில மட்டும் வெக்கணும், இ-புக் காப்பியில கூடவே கூடாது.

அச்சகத்துக்கு எப்பவும் பிடிஎஃப் மட்டும் குடுங்க. ஒரு தடவை அவசரத்துக்கு டாக் ஃபைலையே குடுத்துட்டேன், அவங்க கம்ப்யூட்டர்ல நான் போட்ட ஃபான்ட் இல்ல, வேற ஃபான்ட் ஏறி வரியெல்லாம் தள்ளிப்போய் 192 பக்கம் 197 ஆயிருச்சு. அச்சுல 16 பக்கத்தை ஒண்ணா சேத்து அடிப்பாங்க, அது ஒரு ஃபாரம், 192-னா சரியா 12 ஃபாரம், 197 ஆனா 13-வது ஃபாரம் போட்டு கடைசியில 11 பக்கம் வெறுமையா விடணும். அச்சகத்துல யாரும் போன் பண்ணி கேக்கவும் இல்ல. நல்லவேளை ப்ரூஃப்ல பிடிச்சேன். பிடிஎஃப்ல ஃபான்ட் உள்ளயே பதிஞ்சு போகும், இந்த கதையே வராது. இன்னொண்ணு, அத்தியாயம் எப்பவும் வலது பக்கத்துலதான் ஆரம்பிக்கணும்னு வெச்சிருந்தீங்கன்னா நடுவுல ரைட்டர் தானா ஒரு வெற்றுப் பக்கம் நுழைக்கும், ஸ்கிரீன்ல அது தெரியாமலும் போகலாம். பிடிஎஃப் எக்ஸ்போர்ட் பண்ணும்போது தானா நுழைச்ச வெற்றுப் பக்கத்தையும் சேக்கணும்ங்கற டிக்கை பாத்து போடுங்க, இல்லாட்டி இடது வலது மொத்தமும் மாறிப்போகும்.

எது முடியாதுன்னும் சொல்லணும். அட்டைக்கு இது சரிப்படாது. அச்சுக்கு வேண்டிய நாலு கலர் முறையில, அதாவது சிஎம்ஒய்கே-ல பிடிஎஃப் இதுல எடுக்க முடியாது, உள்பக்கம் கருப்பு வெள்ளைன்னா பரவாயில்ல, அட்டையை நான் ஸ்கிரைபஸ்ங்கற லேஅவுட் சாஃப்ட்வேர்ல பண்றேன், அதுவும் காசு இல்லாதது. படமும் எழுத்தும் பக்கத்துக்கு பக்கம் கலந்து வர்ற சிறுவர் புத்தகம், சமையல் புத்தகம்னா அதுக்கும் லேஅவுட் சாஃப்ட்வேர்தான் சரி. இ-புக்குக்கான இ-பப் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ற வசதி 2018-ல வந்த 6.0-ல இருந்து இருக்கு, தலைப்பு ஸ்டைல் ஒழுங்கா போட்டிருந்தா அத்தியாயம் சுத்தமா பிரியும், அட்டைப்படமும் சேக்கலாம், நாவலுக்கு அது போதும், அடிக்குறிப்பும் அட்டவணையும் நிறைய இருந்தா எக்ஸ்போர்ட் பண்ணப்புறம் உக்காந்து சரி பாக்கணும். அச்சுக்கும் இ-புக்குக்கும் தனித்தனி ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தோட அடையாள நம்பர், இதை மறந்து ஒரே நம்பரை ரெண்டுலயும் போட்டவங்களை பாத்திருக்கேன்.

எழுத்தாளர்கள் முக்காவாசி பேர் வேர்ட்லதான் எழுதி டாக்எக்ஸ் ஃபைலா அனுப்புவாங்க. ட்ராக் சேஞ்சஸும் கமென்ட்டும் ரெண்டு பக்கமும் போய் வரும். டெக்ஸ்ட் பாக்ஸ், மிதக்கற படம்லாம் இருந்தா இடம் நகரும், ஃபான்ட் நம்மகிட்ட இல்லாட்டி பக்கக் கணக்கு மாறும். எடிட்டிங் முடியற வரைக்கும் டாக்எக்ஸ்லயே வெச்சுக்கிட்டு, எழுத்தாளர் எல்லாத்தையும் ஏத்துக்கிட்ட பிறகு ரைட்டரோட சொந்த ஃபைல் வகையான ஓடிடி-யா (.odt) சேவ் பண்ணி லேஅவுட் ஆரம்பிக்கறது எனக்கு சரியா வருது. போன்லயே படிக்கற எழுத்தாளர்களுக்கு கமென்ட் ஓரத்துல தெரியற மாதிரி பிடிஎஃப் எடுத்து அனுப்பறேன், அவங்க வாய்ஸ் மெசேஜ்ல பதில் சொல்லுவாங்க, நான் கேட்டு கேட்டு சரி பண்ணுவேன்.

மௌனம் நாவலுக்கு வர்றேன். 85 மௌனத்துல 30-ஐ எடுத்திரலாம்னு கமென்ட் போட்டேன். அவர் 22-ஐ எடுத்துட்டு 8 இடத்துல "இது இருக்கணும் சார்"னு எழுதியிருந்தாரு. திரும்ப படிச்சுப் பாத்தேன், அதுல 7 இடத்துல அவர் சொன்னது சரி. எட்டாவது இடத்துக்கு இன்னும் கமென்ட்டுக்கு கீழ கமென்ட்டா பேசிக்கிட்டு இருக்கோம்.